எட்டு அறைகளில் தமிழ்: சிறு எழுத்துத் திரையின் வரலாறும் ஏலமலையின் வாசகரும்

மின்னணுவியலைத் தாமே பயில விரும்பும் மாணவர் முதலில் வாங்கும் உறுப்புகளுள் ஒன்று, வரிக்கு 16 எழுத்தாக இரண்டு வரிகளைக் காட்டும் எல்.சி.டி. எழுத்துத் திரை. சென்னை ரிச்சி தெருவிலும் பெங்களூரு எஸ்.பி. சாலையிலும் அது கிடைக்கிறது. வண்டன்மேட்டிலிருந்து இணையவழி வரவழைத்தாலும் சில நாள்களில் கைக்கு வந்துவிடுகிறது. அதை அர்டுயினோ பலகையுடன் இணைத்து ஆங்கிலத்தில் ஒரு வணக்கச் சொல்லைத் தோன்றச் செய்வது முதற்பாடம். அடுத்து அம்மாணவர் தம் பெயரைத் தமிழில் எழுத முனைந்தால் திரையில் தமிழ் தோன்றுவதில்லை. 'ம' என்ற ஓரெழுத்தை அனுப்பினால், கிரேக்க எழுத்தான ஆல்ஃபாவும், அதன்பின் ஜப்பானியக் கட்டகானாவின் சிறிய 'யோ' இரண்டும் வரிசையாக நிற்கின்றன.

இதன் தொழில்நுட்பக் காரணம் எளியது. ஒருங்குறி முறையில் 'ம' மூன்று பைட்டுகளாகச் செல்கிறது. திரையோ ஒவ்வொரு பைட்டையும் ஒரு தனி எழுத்தாகக் கொண்டு, தன் நிரந்தர நினைவகத்தில் அந்த எண்ணுக்கு உரிய வடிவத்தை எடுத்துக் காட்டுகிறது. வரலாற்று மாணவர் கேட்கவேண்டிய கேள்வி இதற்கு அப்பால் இருக்கிறது: ஏலமலையில் ஒருவர் கையில் இருக்கும் திரையினுள் ஜப்பானிய எழுத்து இருக்கிறது, அவருடைய எழுத்து இல்லை, இது எவ்வாறு நேர்ந்தது? தமிழ் எழுத்தின் வடிவச் சிக்கலே காரணம் என்பது வழக்கமான விடை. அவ்விடை போதாது என்பதும், குறை எழுத்தில் இல்லை, நிறுவனங்களின் வரலாற்றில் இருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

1. கேரட்டிலிருந்து கணக்கீட்டுக் கருவி வரை

1888ஆம் ஆண்டு பிராக் நகரில் ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஃபிரீட்ரிக் ரைனிட்சர், கேரட்டிலிருந்து பெற்ற கொலஸ்டிரால் சேர்மம் ஒன்றைச் சூடேற்றியபோது அது இருமுறை உருகுவதைக் கண்டார். முதலில் கலங்கிய நீர்மமாகவும், மேலும் சூடேறியபின் தெளிந்த நீர்மமாகவும் அது மாறியது. ஜெர்மன் இயற்பியலாளர் ஆட்டோ லேமன் 1889இல் அந்த இடைநிலையை 'ஓடும் படிகம்' என்ற கருத்தில் விளக்கினார். அதன்பின் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் இப்பொருள் பெரும்பாலும் ஆய்வகத்துக்குள்ளேயே இருந்தது.

திரையாக அது மாறியது 1968இல். அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் ஜார்ஜ் ஹைல்மையர் குழு, மின்னழுத்தத்தால் நீர்மப் படிகத்தின் ஒளிபுகும் தன்மையை மாற்றிக் காட்டியது. 1970 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஹாஃப்மன் லா ரோஷ் நிறுவனத்தைச் சேர்ந்த மார்ட்டின் ஷாட், வொல்ஃப்காங் ஹெல்ஃப்ரிக் ஆகியோர் முறுக்கிய அடுக்கமைப்புக்குக் காப்புரிமை கோரினர். அமெரிக்காவில் ஜேம்ஸ் ஃபெர்கசனும் அதே வழியில் சென்றார். இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரே, அறை வெப்பநிலையில் நிலைத்து நிற்கும் சேர்மங்களை 1970களின் தொடக்கத்தில் ஆக்கித் தந்தார். 1973இல் ஜப்பானின் ஷார்ப் நிறுவனம் நீர்மப் படிகத் திரை கொண்ட சட்டைப்பைக் கணக்கீட்டுக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. திரையின் முதல் மொழி எண்களாக இருந்தது இதனால்தான். ஏழு கீற்றுகளால் பத்து எண்களையும் வரைந்துவிடலாம். எண்ணுக்கு மொழி வேண்டியதில்லை.

இக்காலத்தில் இந்தியா வெறும் பார்வையாளராக இருக்கவில்லை. தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவரும் சி.வி. ராமனின் உறவினருமான எஸ். சந்திரசேகர், மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபின் 1971இல் பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் நீர்மப் படிக ஆய்வகத்தைத் தொடங்கினார். (வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகர் வேறொருவர், அவரும் ராமனின் உறவினரே.) 1977இல் அவரும் பி.கே. சதாசிவாவும் கே.ஏ. சுரேஷும் தட்டு வடிவ மூலக்கூறுகளும் நீர்மப் படிக நிலையை அடையும் என்று கண்டறிந்து 'பிரமாணா' இதழில் வெளியிட்டனர். அதுவரை கோல் வடிவ மூலக்கூறுகளே அந்நிலையை அடையும் என்று கருதப்பட்டு வந்தமையால், உலக அளவில் இது புதிய பிரிவொன்றைத் திறந்தது. அதே நிறுவனத்தில் டி.என். ருக்மாங்கதன், புள்ளித் திரைகளின் வரிசைகளுக்கு மின்னழுத்தம் வழங்கும் முறை குறித்து 1980களில் செய்த ஆய்வுகள் அத்துறையில் இன்றும் எடுத்தாளப்படுகின்றன. பின்னர் சந்திரசேகர் பெங்களூருவில் நீர்மப் படிக ஆய்வு மையம் ஒன்றையும் நிறுவினார்.

இச்செய்திகளைச் சற்று விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. திரையின் வேதியியலும், புள்ளிகளை இயக்கும் கணிதமும் தென்னிந்தியாவில் உலகத் தரத்தில் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான், திரையில் எந்த எழுத்து இடம்பெறும் என்ற முடிவு வேறிடத்தில் எடுக்கப்பட்டது.

2. ஹிட்டாச்சியின் சில்லும் 1969இன் ஜப்பானியத் தரமும்

இன்று சந்தையிலுள்ள எழுத்துத் திரைகளில் மிகப் பல, ஹிட்டாச்சி நிறுவனம் 1980களில் வெளியிட்ட எச்.டி.44780 என்ற கட்டுப்பாட்டுச் சில்லின் வழியைப் பின்பற்றுகின்றன. சில்லை இன்று வேறு நிறுவனங்கள் செய்தாலும் கட்டளைகள் அவையே. அதன் அமைப்பைச் சுருக்கமாக நோக்குவோம்.

ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் அறை. அறைக்குள் 5 நிரல், 8 வரிசை, ஆக 40 புள்ளிகள். எட்டாம் வரிசை சுட்டிக் கோட்டுக்கும் பயன்படுவதால், எழுத்து வடிவங்கள் பெரும்பாலும் 5க்கு 7 அளவிலேயே வரையப்படுகின்றன. சில்லினுள் 80 எழுத்துகளை வைத்திருக்கும் காட்சி நினைவகம் உண்டு. எழுத்து வடிவங்கள் நிரந்தர நினைவகத்தில் உள்ளன: 5க்கு 8 அளவில் 208 வடிவங்களும் 5க்கு 10 அளவில் 32 வடிவங்களும், ஆக 240. பயனர் தாமே வரைந்துகொள்ள 64 பைட்டு கொண்ட ஒரு தற்காலிக நினைவகமும் உண்டு. அதில் 5க்கு 8 அளவில் எட்டே வடிவங்கள் அடங்கும்.

நிரந்தர நினைவகத்தில் இரு பொது வகைகள் வந்தன. ஏ00 என்பது ஜப்பானியத் தொகுதி. ஆங்கில எழுத்துகள், கட்டகானா, சில கிரேக்க எழுத்துகள் கொண்டது. அதில் இடம்விட்டுச் சாயும் பின்கோட்டுக்குப் பதிலாக யென் குறி இருக்கும். ஏ02 என்பது ஐரோப்பியத் தொகுதி. இந்தியாவில் மாணவர் வாங்கும் திரைகளில் அடிக்கடி காணப்படுவது ஏ00 வகை. மேலே சொன்ன 'ம' கட்டகானாவாக மாறிய கதையின் பின்னணி இது.

ஜப்பானியர் இதில் இடம்பெற்றமைக்கு ஹிட்டாச்சி ஜப்பானிய நிறுவனம் என்பது மட்டும் காரணமன்று. 1969இலேயே ஜப்பான் தன் தொழில் தரமாக எட்டு பிட் எழுத்துத் தொகுதி ஒன்றை வகுத்திருந்தது. அதில் அரையகலக் கட்டகானாவுக்கென 63 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அந்த ஒதுக்கீடு எளிதாக வந்ததன்று. ஜப்பானிய எழுத்துமுறையின் கஞ்சியும் ஹிரகானாவும் விடப்பட்டன. 'க' வரிசையைக் 'ஃக' ஒலியிலிருந்து பிரிக்கும் இரட்டைக் கோட்டுக் குறி, எழுத்தின் தோளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டுத் தனி அறைக்கு அனுப்பப்பட்டது. அழகு குறைந்தது, ஆயினும் படிக்க முடிந்தது. சில்லு வடிவமைப்பாளர் மேசைக்கு வந்தபோது, எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற பட்டியல் ஏற்கெனவே நாட்டின் ஒப்புதலோடு ஆயத்தமாக இருந்தது.

3. பொறிக்கேற்ப வளைந்த நம் எழுத்துகள்

தமிழும் பொறிகளைச் சந்திக்காத மொழியன்று. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர். முத்தையா இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பதிற்றாண்டுகளில் தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கினார். அவர் எதிர்கொண்ட சிக்கலும் எழுத்துத் திரையின் சிக்கலும் ஒன்றே: 247 எழுத்துகளைச் சில பத்து விசைகளில் அடக்குவது எப்படி? கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு முதலியவற்றைத் தனித்து அடிப்பது ஒரு வழி. புள்ளியையும் மேல்விலங்கையும் அடிக்கும்போது உருளை நகராதபடி விசையை அமைத்து, அடுத்த எழுத்தை அதே இடத்தில் பதிப்பது இன்னொரு வழி.

1935இல் பெரியார் ஈ.வெ. ராமசாமி 'குடி அரசு' இதழில் சீர்திருத்த எழுத்துகளைக் கையாளத் தொடங்கினார். ணா, றா, னா ஆகியவற்றில் இருந்த சுழித்த வடிவங்களும், ணை, லை, ளை, னை ஆகியவற்றில் இருந்த துதிக்கை போன்ற வடிவமும் நீங்கி, எல்லா மெய்களுக்கும் ஒரே கால், ஒரே இணைக்கொம்பு என்ற ஒழுங்கு வந்தது. அச்சுக்கோப்பு எளிதாகும் என்பது அவர் வாதங்களுள் ஒன்று. தமிழக அரசு 1978இல், எம்.ஜி. ராமச்சந்திரன் முதல்வராக இருந்தபோது, அம்மாற்றத்தை ஆணையாக ஏற்றது.

எல்லைக்கு இப்பால் கேரளத்திலும் இதே வரலாறு நிகழ்ந்தது. சூரநாடு குஞ்ஞன் பிள்ளையின் தலைமையிலான குழுவின் பணியைத் தொடர்ந்து, 1971இல் மலையாள எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. உகர, ஊகாரக் குறிகள் மெய்யிலிருந்து பிரிக்கப்பட்டன. பல கூட்டெழுத்துகள் உடைக்கப்பட்டன. நூற்றுக்கணக்கான அச்சுருக்கள் ஏறத்தாழ தொண்ணூறாகக் குறைந்தன. தட்டச்சுப் பொறியே இதன் நேர்நோக்கம். தமிழில் உகர, ஊகார வரிசைகளையும் இவ்வாறு பிரிக்கவேண்டும் என்று வா.செ. குழந்தைசாமி நெடுங்காலம் வாதிட்டார். அது எதிர்ப்புக்குள்ளாகி நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே ஏலமலையில் ஒரே சுவரில் அருகருகே நிற்கும் இரு மொழிப் பலகைகளில், ஒரு மொழி பொறிக்காக உகரத்தைப் பிரித்துக்கொண்டது. மற்றது பிரிக்க மறுத்தது.

கணினிக் காலத்தில் இந்தியா வேறு திசையில் சென்றது. கான்பூர் ஐ.ஐ.டி.யிலும் பின்னர் புனேயின் சி-டாக் நிறுவனத்திலும் வளர்ந்த ஜிஸ்ட் தொழில்நுட்பத்தோடு இணைந்து, இந்திய மொழிகளுக்கான இஸ்கி குறிமுறை 1980களில் உருவாகி 1991இல் இந்தியத் தரமாயிற்று. அதே ஆண்டில் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பு, தமிழுக்கான வரிசையை இஸ்கியிலிருந்தே பெற்றது. இக்குறிமுறைகள் எழுத்தின் இலக்கணத்தைச் சேமிப்பவை, வடிவத்தைச் சேமிப்பவையல்ல. 'கெ' என்பதில் க முன்னும் கொம்பு பின்னுமாகச் சேமிக்கப்படும். திரையில் கொம்பை முன்னுக்குக் கொண்டுவருவது கணினியின் பொறுப்பு. அறிவுள்ள பொறிக்கு இது சிறந்த முறை. எழுத்துத் திரையோ அறிவில்லாத பொறி. ஓர் எண், ஒரு வடிவம், ஓர் அறை என்பதே அதற்குத் தெரிந்த இலக்கணம்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை அடுத்துத் தமிழக அரசு டாம், டாப் என்ற எட்டு பிட் குறிமுறைகளை ஏற்றது. இவை வடிவங்களுக்கு எண் தருபவை. டாப் முறையில் ஆங்கிலமும் தமிழும் ஒரே 256 இடங்களுக்குள் உடன் வாழ்ந்தன. ஒருங்குறி வெற்றி பெற்றபின் அவை மறைந்துபோன இடைக்கால முயற்சிகளாகவே நினைவுகூரப்படுகின்றன. எழுத்துத் திரையின் நோக்கிலிருந்து பார்த்தால் மதிப்பீடு மாறும். ஜப்பானுக்கு 1969இல் கிடைத்த வகைப் பட்டியல், தமிழுக்கு 1999இல் அரசு ஒப்புதலோடு கிடைத்தது. முப்பதாண்டு தாமதம். அதற்குள் சில்லின் உருவம் உறைந்துவிட்டிருந்தது.

4. ஓர் எளிய கணக்கு

தமிழ் அத்திரைக்குள் அடங்காது என்ற கூற்றை எண்ணிப் பார்ப்போம். கிரந்த எழுத்துகளை விலக்கி வைப்போம். உயிர் பன்னிரண்டில் ஔ என்பதை இரு வடிவங்களால் அமைக்கலாம், எனவே 11. ஆய்தம் 1. அகர உயிர்மெய், புள்ளியுடன் மெய், இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் ஆகிய ஆறு வரிசைகளும் பதினெட்டுப் பதினெட்டாக 108. கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு ஆகிய 4. மொத்தம் 124 வடிவங்கள். ஆங்கிலத்தின் அச்சிடத்தக்க 95 குறிகளையும் சேர்த்தால் 219. இது 240க்குள் அடங்கினாலும், 5க்கு 8 அளவிலான 208ஐத் தாண்டுகிறது.

ஜப்பானியர் இரட்டைக் கோட்டுக் குறியைத் தனி அறைக்கு அனுப்பியதுபோல, இகர ஈகாரக் குறிகளை மட்டும் தனி அறைக்கு அனுப்பினால் 36 வடிவங்கள் 2 ஆகின்றன. தமிழ் 90 ஆகிறது; ஆங்கிலத்தோடு 185. மீதமுள்ள 23 இடங்களில், ஐந்து நிரலுக்குள் அடங்காத ண, ஞ, ஐ போன்றவற்றை இரண்டிரண்டு பாதிகளாக வைக்கலாம். நெருக்கடிதான், அழகும் குறையும். ஆயினும் எண்ணிக்கை இடம் தருகிறது.

இன்னொரு செய்தியும் முக்கியமானது. நிரந்தர நினைவகத்தில் வாடிக்கையாளர் தரும் வடிவங்களைப் பொறித்துத் தருவதற்கான வழியை ஹிட்டாச்சியின் தொழில்நுட்பக் கையேடே திறந்து வைத்திருந்தது. பட்டியலை வரைந்து, போதிய எண்ணிக்கையில் கேட்பவருக்குச் சில்லு கிடைத்திருக்கும். அத்தகைய எண்ணிக்கையில் கேட்கும் ஆற்றல் தனி மாணவருக்கோ சிறு பட்டறைக்கோ இல்லை. மின்வாரியங்கள், போக்குவரத்துக் கழகங்கள், கூட்டுறவு நிறுவனங்கள் போன்ற பெருங்கொள்முதலாளர்க்கே உண்டு. பொதுச் சந்தையில் மாணவர் வாங்கும் திரையில் தமிழ் இல்லை என்பது, அக்கோரிக்கை சந்தையை மாற்றும் அளவுக்கு எழவில்லை என்பதையே காட்டுகிறது.

5. ஏலமலையில் எட்டு அறைகள்

நிரந்தர நினைவகத்தில் இடமில்லாத மொழிக்கு எஞ்சுவது தற்காலிக நினைவகத்தின் எட்டு அறைகள். பொழுதுபோக்கு மின்னணுவியலாளர் தமிழை எழுதுவது அங்கேதான். அதன் நெருக்கத்தை உணர, இப்பகுதிக்கு உரிய ஒரு பணியையே எடுத்துக்கொள்வோம்.

பறித்த பச்சை ஏலக்காயில் ஏறத்தாழ 80 விழுக்காடு ஈரம். அதைப் பத்து, பன்னிரண்டு விழுக்காட்டுக்கு இறக்கவேண்டும். இங்கே ஸ்டோர் என்றே வழங்கும் உலர்கூடத்தில் வெப்பத்தை ஏறத்தாழ 45 முதல் 55 டிகிரிக்குள் நிறுத்தினால் காயின் பச்சை நிறம் நிற்கும். மிகுந்தால் நிறம் வெளுக்கும், காய் வெடிக்கும். நிறமே ஏலத்தில் விலையைத் தீர்மானிக்கும் கூறுகளுள் ஒன்று. எனவே உலர்கூடத்துக்கு ஒரு வெப்ப ஈரப்பதக் காட்டி செய்வது, எந்த மாணவருக்கும் இயல்பாகத் தோன்றும் திட்டம். ஓர் உணரி, ஓர் அர்டுயினோ பலகை, ஓர் எழுத்துத் திரை போதும்.

முதல் வரியில் 'வெப்பம்', இரண்டாம் வரியில் 'ஈரம்' என்று காட்டவேண்டும். வெப்பம் என்பதற்கு ஒற்றைக்கொம்பு, வ, ப், ப, ம் என ஐந்து வடிவங்கள். ஈரம் என்பதற்கு ஈ, ர கூடுதல். ம் முன்னரே உண்டு. ஆக ஏழு. டிகிரிக் குறி நிரந்தர நினைவகத்திலேயே இருப்பதால் செலவில்லை. எட்டில் ஏழு போய் ஒன்று மிச்சம். இங்கு வரை வெற்றியே.

வரைவதும் கடினமன்று. 'ப்' என்பதற்கு முதல் வரிசையில் நடுப்புள்ளி ஒன்று. இரண்டாம் வரிசை வெற்று. மூன்று முதல் ஆறு வரை இடக்கோடியிலும் வலக்கோடியிலும் ஒவ்வொரு புள்ளி. ஏழாம் வரிசையில் ஐந்தும் நிறைவு. எட்டாம் வரிசை வெற்று. ட, ப, ம போன்ற நேர்கோட்டு எழுத்துகள் இக்கட்டத்துக்கென்றே வார்த்ததுபோல் அமைகின்றன. வ, ஒற்றைக்கொம்பு போன்ற சுழியெழுத்துகளில் சுழியைச் சிறு கட்டமாக்க வேண்டியிருக்கிறது. கல்வெட்டில் உளியும் ஓலையில் எழுத்தாணியும் எழுத்தின் வளைவை மாற்றியமைத்த வரலாற்றை அறிந்த மாணவர், இங்கே புள்ளிக்கட்டம் அதே வேலையைச் செய்வதைக் காண்பார்.

இடர் அடுத்த படியில் வருகிறது. வெப்பம் 60ஐத் தாண்டினால் 'விறகு நிறுத்து' என்று எச்சரிக்க நினைக்கிறார் மாணவர். வி, ற, கு, நி, று, த், து என ஏழு புதிய வடிவங்கள் வேண்டும். முன்னைய ஏழோடு சேர்த்துப் பதினான்கு. அறைகளோ எட்டு. எச்சரிக்கையின்போது பழைய வடிவங்களை அழித்துப் புதியவற்றை ஏற்றலாம். ஆனால் ஓர் அறையின் வடிவத்தை மாற்றியவுடன், அந்த அறையைச் சுட்டும் எழுத்து திரையில் எங்கிருந்தாலும் உடனே மாறிவிடும். ஆகவே எச்சரிக்கை தோன்றும் வேளையில் 'வெப்பம்' என்ற சொல்லைத் துடைத்தாகவேண்டும். எண் நிற்கும், சொல் நிற்காது. பெரும்பாலோர் இந்த இடத்தில் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகின்றனர். மேலும், தற்காலிக நினைவகம் மின்சாரம் நின்றவுடன் வெறுமையாகிறது. ஒவ்வொரு முறை கருவி விழிக்கும்போதும் தமிழ் வடிவங்களை மீண்டும் ஏற்றவேண்டும். கட்டகானாவோ மின்சாரமற்ற இரவிலும் சில்லினுள் இருந்துகொண்டே இருக்கிறது.

6. யார் படிக்கும் திரை?

இவ்வளவுக்கும் பிறகு ஒரு நியாயமான மறுப்பு எழும். வண்ணத் திரையும் திறன்பேசியும் ஒருங்குறியும் வந்துவிட்டன. விரும்பிய வடிவத்தைப் புள்ளிபுள்ளியாக வரையும் சிறு வரைகலைத் திரைகளும் மலிந்துவிட்டன. இனி இந்தப் பழைய சில்லைப் பற்றிக் கவலை ஏன்?

மறுப்பில் பாதி உண்மை. அப்பாதியிலிருந்து ஒரு பாடமும் கிடைக்கிறது: பொறியின் தடை தற்காலிகமானது, எழுத்தில் செய்யும் மாற்றமோ நிலையானது. தட்டச்சுப் பொறி மறைந்துவிட்டது; அதற்காகப் பிரிக்கப்பட்ட மலையாள உகரம் பாடநூல்களில் பல பதிற்றாண்டுகள் நிலைத்தது. தமிழ் உகரத்தைப் பிரிக்கவேண்டும் என்ற கோரிக்கை அன்று ஏற்கப்பட்டிருந்தால், அக்கோரிக்கைக்குக் காரணமான பொறிகள் போனபின்னும் மாற்றம் நம்மோடு இருந்திருக்கும்.

மறுபாதி உண்மையன்று. பொறிகள் எல்லாருக்கும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. திறன்பேசி தமிழ் பேசுகிறது. மின்கலத்து இன்வெர்ட்டர், நீரேற்றிக் கட்டுப்பாட்டுப் பெட்டி, சிறு பட்டறையின் வெப்பக் கட்டுப்படுத்தி போன்ற மலிவுக் கருவிகளில் எழுத்துத் திரை இன்னும் வாழ்கிறது. அங்கே ஆங்கிலமே பேசுகிறது. அத்தகைய கருவியின் முன் நிற்பவர் பெரும்பாலும் அதை வாங்கியவர் அல்லர், அதை இயக்கும் தொழிலாளி.

இவ்விடத்தில் வண்டன்மேடு பொருத்தமான ஆய்வுக்களம். 1956 நவம்பர் 1 மாநில மறுசீரமைப்பில் தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்தோடு சேரவேண்டும் என்ற திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசின் கோரிக்கை ஏற்கப்படவில்லை. மலைப்பகுதி கேரளத்தில் நின்றது. 1972இல் இடுக்கி மாவட்டம் உருவானது. எல்லைக்கோடு மலையுச்சியில் சென்றாலும், கம்பம்மேடு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் தேனி மாவட்டத் தொழிலாளர்கள் ஜீப்புகளில் ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் ஏறி இறங்குகின்றனர். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் எல்லையின் இருபுறமும், புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும், நடக்கிறது. வாய்மொழியாக விலை கூறிய ஏலத்தின் இடத்தில் திரையில் விலை தோன்றும் ஏலம் வந்தபோது, காதால் அறிந்த செய்தி கண்ணால் அறியவேண்டிய செய்தியாயிற்று.

எண்ணைப் பொறுத்தவரை இங்கே எவருக்கும் இடரில்லை. எடையளவைச் சட்டமே இந்திய எண்களின் பன்னாட்டு வடிவத்தைப் பொதுவாக்கியிருக்கிறது. தமிழ் எண்களும் மலையாள எண்களும் வழக்கொழிந்துவிட்டன. எடைத்திரையில் 25.400 என்று தோன்றினால், பறித்தவரும் நிறுத்தவரும் ஒன்றுபோலவே படிப்பர். எண்ணுக்கு அருகில் ஒரு சொல் தோன்றும்போதுதான் சமன்பாடு குலைகிறது. அது மொத்த எடையா, சாக்குக் கழித்த நிகர எடையா? கருவி பிழை காட்டுகிறதா, காத்திருக்கச் சொல்கிறதா? அச்சொல்லைப் படிக்கத் தெரிந்தவர் விளக்கம் சொல்பவராகிறார். தெரியாதவர் அதைக் கேட்டு நம்புபவராகிறார். எழுத்துத் திரையின் 40 புள்ளிகள் சமூக வரலாற்றுக்கு உரிய பொருளாவது இப்புள்ளியில்தான்.

7. மாணவர்க்குச் சில பணிகள்

இப்பொருளில் செய்யத்தக்க மூன்று பணிகளைச் சுட்டி முடிக்கிறேன்.

முதலாவது, ஆவணப்படுத்தல். தமிழ் மாணவர்கள் தத்தம் திட்டங்களுக்காக எட்டு அறைகளில் வரைந்த வடிவங்கள் பல நிரல்களுக்குள் சிதறிக் கிடக்கின்றன. ஒரே 'வ'வைப் பத்துப் பேர் பத்து விதமாக வரைந்திருப்பர். அவற்றைத் திரட்டினால், எழுத்தியலில் பயிலத்தக்க ஒரு புதிய கையெழுத்துத் தொகுப்பு கிடைக்கும்.

இரண்டாவது, பொதுத் தொகுதி. 5க்கு 8 கட்டத்தில் தமிழுக்கென ஒப்புக்கொள்ளப்பட்ட 90 வடிவங்களும், அவற்றின் மலையாள இணைகளும் கட்டற்ற முறையில் வெளியாகவேண்டும். வடிவங்களை நிரலின் நினைவகத்தில் வைத்துத் தேவையானபோது எட்டெட்டாக ஏற்றும் ஒரு சிறு நிரல்தொகுதி, கொம்பை முன்னுக்கு நகர்த்தும் விதியுடன் சேர்ந்தால், 32 கிலோபைட்டுக் கருவியிலும் இடம் கொள்ளும். கேரளப் பள்ளிகளின் லிட்டில் கைட்ஸ் மன்றங்களும், இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களின் தமிழ்வழி வகுப்புகளும் இதற்கு இயல்பான களங்கள்.

மூன்றாவது, கொள்முதல் வரலாறு. பொது நிறுவனங்கள் 1980களிலிருந்து வாங்கிய கருவிகளின் ஒப்பந்தப் படிவங்களில், திரையின் மொழி குறித்து ஒரு வரியேனும் எழுதப்பட்டதா? மின்கட்டணக் கருவி, பயணச்சீட்டுக் கருவி, பால் கூட்டுறவின் எடைக்கருவி ஆகிய மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலும் ஒரு நல்ல முதுகலை ஆய்வேடு உருவாகும். ஆட்சிமொழிச் சட்டங்களின் வரலாற்றைக் கோப்புகளிலும் பெயர்ப்பலகைகளிலும் மட்டுமே தேடிவந்திருக்கிறோம். கருவிகளின் முகத்திலும் தேடவேண்டிய காலம் வந்துவிட்டது.

எல்லைப் பகுதிகளில் பழைய கருவிகளில் தமிழிலோ மலையாளத்திலோ எழுத்துத் தோன்றக் கண்டவர்கள், கருவியின் வகையையும் ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதையும் கருத்துப் பகுதியில் குறிப்பிட்டால் இவ்வாய்வுக்கு உதவும். இயன்றால் திரையின் ஒளிப்படத்தையும் இணைக்க வேண்டுகிறேன்.